வரி அம்மாவுடையது, அதுவும் மகனுக்கு மட்டும்: கலப்புக் கோழிகளில் இறகு நிறம்

(காட்சி: கூடையில் ஒன்பது கருங்குஞ்சுகள். கேமரா தலைகளுக்கு அருகே செல்கிறது.)

ஒரே அடையில் பொரித்த இந்த ஒன்பது குஞ்சுகளில் நான்கின் உச்சந்தலையில் வெளிறிய பொட்டு இருக்கிறது. மற்ற ஐந்தின் தலையும் முழுக் கறுப்பு. பொட்டுள்ளவை சேவல்கள், பொட்டில்லாதவை பெட்டைகள். பொரித்த அன்றே இப்படிப் பிரித்துவிட முடிவதற்குக் காரணம், இவற்றின் தகப்பன் செந்நிற ரோட் ஐலண்ட் ரெட் சேவல், தாய் வரி போட்ட பிளைமவுத் ராக் பெட்டை என்பதுதான்.

(காட்சி: தாய்க்கோழியின் ஓர் இறகு, வெள்ளைத் துணியின் மேல்.)

இந்த இறகைப் பாருங்கள். இறகு அடியிலிருந்து வளர்வதால் நுனிதான் முதலில் உருவான பகுதி. வளரும்போது நிறமிச் செல்கள் சிறிது காலம் கறுப்பைத் தருகின்றன, பிறகு நின்றுவிடுகின்றன, மீண்டும் தருகின்றன. நின்ற இடமெல்லாம் வெள்ளைப் பட்டையாகிறது. இப்படி நிறுத்தி நிறுத்தி ஓடச் செய்யும் மரபணு, பாலினத்தைத் தீர்மானிக்கும் இசட் (Z) என்ற குரோமோசோமில் இருக்கிறது.

மனிதரில் பிள்ளையின் பாலினத்தைத் தீர்மானிப்பது தகப்பனின் குரோமோசோம். கோழியில் அது தாயின் கையில் இருக்கிறது. சேவலுக்கு இரண்டு இசட் உண்டு. பெட்டைக்கு ஓர் இசட், ஒரு டபிள்யூ. தாய் தன் இசட்டைக் கொடுத்தால் குஞ்சு சேவலாகிறது, டபிள்யூவைக் கொடுத்தால் பெட்டையாகிறது. ஆகவே தாயின் வரி மகனுக்குப் போகுமே தவிர, மகளுக்கு ஒருபோதும் போகாது. மகள்கள் தங்கள் ஒரே இசட்டைச் செந்நிறத் தகப்பனிடமிருந்து பெறுகிறார்கள், அதில் வரி இல்லை. குஞ்சின் தலைப்பொட்டு, பின்னால் வரப்போகும் வரியின் முதல் அடையாளம்.

இந்த ஜோடியை மாற்றிப் போட்டு, வரிச் சேவலைச் செந்நிறப் பெட்டையோடு விட்டால், மகன் மகள் எல்லோருக்கும் வரி வந்துவிடும். தலைப்பொட்டைக் கொண்டு யாரையும் பிரிக்க முடியாது. சந்தையில் வாங்கும்போது, எந்த இனம் சேவல், எந்த இனம் பெட்டை என்று கேட்காமல் இனப்பெயரை மட்டும் கேட்டு ஏமாறுபவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

தூய வரிச் சேவலின் இரண்டு இசட்டிலும் இந்த மரபணு இருப்பதால், அதன் வெள்ளைப் பட்டைகள் அகலமாகி, பெட்டையைவிட வெளிறித் தெரியும். கேம்பிரிட்ஜில் பன்னட், பீஸ் என்ற இரு அறிஞர்கள் இந்த வேறுபாட்டைப் பிடித்துக்கொண்டு, வரி பிளைமவுத் ராக்கையும் பொன்னிறக் கேம்பைன் என்ற கோழியினத்தையும் சேர்த்து, தலைமுறைதோறும் குஞ்சின் மென்தூவியிலேயே பாலினம் தெரியும் கேம்பார் இனத்தை உருவாக்கினார்கள்.

(காட்சி: முற்றத்தில் மேயும் பல நிறக் கோழிகள்.)

மேலே சொன்ன குஞ்சுகள் வளர்ந்து தங்களுக்குள் இணைந்தால் கதை சிக்கலாகிறது. தாயிடமிருந்து வந்த முழுக்கறுப்பு ஓங்கு பண்பு, அதாவது மரபணுவின் ஒரு பிரதி இருந்தாலே வெளிப்படுவது. ஆனால் ஒரு பிரதி மட்டுமே இருந்தால் கழுத்திலும் மார்பிலும் பொன்னோ சிவப்போ கசியும். அடுத்த தலைமுறையில் கறுப்பு, செந்நிறம், வரியுள்ளது, வரியற்றது எல்லாம் சிதறி வரும். சேவல் பெட்டை இரண்டிலும் பாதிக்கு வரி இருக்கலாம், ஆகவே தலைப்பொட்டு இனி பாலினத்தைச் சொல்லாது.

வெள்ளைக் கோழியில்தான் பலரும் தடுமாறுகிறார்கள், ஏனெனில் வெள்ளை ஒன்றல்ல. லெகார்ன் கோழியின் வெள்ளை ஓங்கு பண்பு. அது கறுப்பை மறைக்கும், சிவப்பை அவ்வளவாக மறைக்காது. அதனால் லெகார்ன் கலப்பில் வெண்ணிறத்தில் சில கரும்புள்ளிகளோ, மார்பில் செம்பூச்சோ தெரியும். மற்றொரு வெள்ளை ஒடுங்கு பண்பு, இரண்டு பிரதிகள் சேர்ந்தால்தான் வெளிப்படும். நிறமுள்ள சேவலும் நிறமுள்ள பெட்டையும் ஆளுக்கொரு பிரதியை ஒளித்து வைத்திருந்தால், சராசரியாக நான்கில் ஒரு குஞ்சு வெள்ளையாக வரும். அந்தக் குஞ்சைக் கண்டு பக்கத்து வீட்டுச் சேவல் மேல் பழி போடுவது நியாயமில்லை.

சாம்பல்நீலக் கோழிக்கு, கறுப்பை வெளிறச் செய்து நீலமாக்கும் மரபணுவின் ஒரே பிரதிதான் இருக்கிறது. ஆகவே இரண்டு நீலங்களை இணைத்தால் நீலம் பாதியே வரும். கால்பங்கு கறுப்பு, மீதிக் கால்பங்கு வெளிறிய உடலில் திட்டுத்திட்டாக நீலம். எல்லாக் குஞ்சும் நீலமாக வேண்டுமானால், கறுப்பையும் அந்தத் திட்டுக்கோழியையும் இணைக்க வேண்டும்.

(காட்சி: முட்டைமேல் பென்சிலால் தேதி எழுதும் கை.)

இதையெல்லாம் உங்கள் முற்றத்தில் சரிபார்க்க விரும்பினால், சேவலை மாற்றிய உடனே வைத்த முட்டைகளை நம்பாதீர்கள். பெட்டை பழைய சேவலின் விந்தை உடலுக்குள் இரண்டு வாரத்துக்கு மேலும் சேமித்து வைக்கும். சேவலைப் பிரித்து மூன்று வாரம் பொறுத்து, புதிய சேவலை விட்டு, அதன் பிறகு வரும் முட்டைகளில் தாயின் அடையாளத்தையும் தேதியையும் எழுதி அடைக்கு வையுங்கள்.