ஓடையில் நின்ற தார்: டிஃபரன்ஷியல் ஆயிலை வீட்டிலேயே மாற்றலாமா?

சரி, அடுத்த கேள்வி. போடியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். "அண்ணா, என்னிடம் இருப்பது 2021 மஹிந்திரா தார் வண்டி, நாலு சக்கரமும் இழுக்கும் ஃபோர் பை ஃபோர். போன வாரம் ஓடையைக் கடக்கும்போது நடுவில் கல்லில் மாட்டி பத்து நிமிடம் நின்றுவிட்டது. முழங்காலுக்குக் கொஞ்சம் மேலேதான் தண்ணீர். டிஃபரன்ஷியல் ஆயிலை மாற்றச் சொல்கிறார்கள். வீட்டிலேயே மாற்றலாமா? டீசல் ஊற்றிக் கழுவ வேண்டுமா?"

தாராளமாக மாற்றலாம் தம்பி. புதிதாகக் கேட்பவர்களுக்கு: டிஃபரன்ஷியல் என்பது இன்ஜின் சக்தியை இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கிற பல்சக்கரப் பெட்டி. ஆனால் ஒரு விஷயம். இந்த வீடியோவைப் பாதியில் விட்டுவிட்டுப் போகிறவர்கள் காதிலும் விழட்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கீழே ஆயிலைக் கழிக்கிற டிரெயின் பிளக்கில் ஸ்பானரை வைப்பதற்கு முன்னால், மேலே ஆயில் ஊற்றுகிற பிளக் கழல்கிறதா என்று பாருங்கள். அது கழன்றால்தான் கீழே கை வைக்கலாம்.

இது எனக்குப் பட்டுத் தெரிந்தது. பல வருடம் முன்னால் ஒரு பழைய ஜீப் வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் கீழ் பிளக்கைக் கழற்றி ஆயிலை எல்லாம் ஒழுகவிட்டு, பெரிய மெக்கானிக் மாதிரி கையைத் துடைத்துக்கொண்டு மேல் பிளக்குக்குப் போனால், அசையவே இல்லை. துரு. குழாயை மாட்டி நெம்பினேன், பிளக்கின் தலை வழுக்கி உருண்டையாகிவிட்டது. உள்ளே சொட்டு ஆயில் இல்லை, ஊற்றவும் வழி இல்லை, வண்டியை நகர்த்தவும் முடியாது. மறுநாள் அடுத்த தெரு வெல்டிங் பட்டறைக்காரர் வந்து, உருண்டுபோன தலையின் மேல் ஒரு நட்டை வைத்துப் பற்றவைத்து, அந்தச் சூட்டோடு சூடாகத் திருகியதும் வெண்ணெய் மாதிரி வந்தது. அவர் வாங்கிய காசைவிடச் சிரித்த சிரிப்புதான் அதிகம்.

இப்போது உங்கள் ஓடைக்கு வருவோம். "முழங்கால் தண்ணீர்தானே" என்று கேட்கிறீர்கள். தாரின் 18 அங்குல வீல் டயர் 255/65 அளவு. கணக்குப் போட்டால் டயரின் மொத்த உயரம் 79 செ.மீ. வரும். அதன் மையம், அதாவது ஆக்ஸில் இருக்கும் இடம், தரையிலிருந்து 39 செ.மீ.கூட இருக்காது. முழங்காலுக்கு மேலே தண்ணீர் என்றால் பின் ஆக்ஸில் முழுதாக மூழ்கிவிட்டது என்று அர்த்தம். கம்பெனி 650 மி.மீ. ஆழம்வரை இறக்கலாம் என்கிறது. உண்மைதான், இறக்கலாம். கடந்து போய்விட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. நடுவில் நிற்பதுதான் வம்பு.

ஏன் என்றால், மலை ஏறி இறங்கிய வண்டியில் டிஃபரன்ஷியல் நன்றாகச் சூடேறி இருக்கும். அது அப்படியே சில்லென்ற தண்ணீரில் உட்கார்ந்தால் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். 80 டிகிரியிலிருந்து 25 டிகிரிக்கு இறங்கினால் காற்றின் கொள்ளளவு ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு குறையும். அந்த இடத்தை நிரப்ப வெளியிலிருந்து இழுக்கும். அதற்காகத்தான் ஆக்ஸிலின் மேலே பிரீதர் என்று ஒரு சின்ன மூச்சுத் துளை வைத்திருக்கிறார்கள். அதுவே தண்ணீருக்குள் இருந்தாலோ, சேறு அடைத்திருந்தாலோ, ஆயில் ஒழுகாமல் தடுக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீலின் உதட்டின் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். அதனால் ஆயில் மாற்றும்போது பிரீதரையும் ஒரு தடவை சுத்தம் செய்துவிடுங்கள். ஆயிலை மட்டும் மாற்றிவிட்டு இதை விட்டுவிட்டால், அடுத்த ஓடையில் இதே கதைதான்.

எந்த ஆயில்? கடையில் போய் "90 ஆயில் கொடுங்கள்" என்று மட்டும் கேட்காதீர்கள். டப்பாவில் ஜிஎல்-5 என்ற கியர் ஆயில் தரக்குறி போட்டிருக்க வேண்டும். பின்பக்க டிஃபரன்ஷியலுக்குள் இருக்கும் பெரிய பல்சக்கரம் கிரவுன், அதைச் சுற்றும் சின்னப் பல்சக்கரம் பினியன், இரண்டும் ஹைபாய்டு வகை. பல்லும் பல்லும் உருள்வதோடு நிற்காமல் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டும் போகும். அந்த அழுத்தத்தில் சாதாரண ஆயில் பிதுங்கி வெளியேறிவிடும். கந்தகம், பாஸ்பரஸ் சேர்ந்த மருந்து அதிகம் இருக்கும் ஜிஎல்-5தான் தாங்கும். மூடியைத் திறந்ததும் மூக்கைத் துளைக்கிறதே ஒரு நாற்றம், அது அந்தக் கந்தகம்தான். 80டபிள்யூ-90 போன்ற கனம், எத்தனை லிட்டர் என்பதெல்லாம் உங்கள் வண்டியின் கையேட்டில் இருக்கும், அதைப் பார்த்தே வாங்குங்கள். பின்னால் எம்எல்டி லாக்கர், அதாவது ஒரு சக்கரம் வழுக்கிச் சுற்றினால் இரண்டையும் சேர்த்துப் பூட்டுகிற அமைப்பு இருக்கிற வண்டி என்றால், லிமிடெட் ஸ்லிப் என்கிற வேறு வகை டிஃபரன்ஷியலுக்கு ஊற்றுகிற, உராய்வைக் குறைக்கும் ஃப்ரிக்ஷன் மாடிஃபையரைக் கடைக்காரர் சும்மா கொடுத்தாலும் ஊற்றாதீர்கள். அந்த லாக்கர் பிடிப்பதே உள்ளே இருக்கும் பிளேட்டுகளின் உராய்வால்தான். அதை வழவழப்பாக்கிவிட்டு லாக் ஆகவில்லை என்று புலம்பக் கூடாது.

வேலைக்கு வருவோம். சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, டயருக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். தார் தரையிலிருந்து 226 மி.மீ. உயரம், ஜாக்கி போடாமலேயே கையை விட்டு வேலை பார்க்கலாம். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுக்கவே வேண்டாம், அந்த விஷயத்தில் நான் யாரோடும் விளையாட மாட்டேன்.

வழக்கமான ஆயில் மாற்றம் என்றால் ஐந்தாறு கிலோமீட்டர் ஓட்டிச் சூடாக்கிவிட்டுக் கழிக்கச் சொல்வேன், இளகி நன்றாக இறங்கும். ஆனால் தண்ணீர் சந்தேகம் என்றால் முதல் தடவை மட்டும் நேர்மாறாகச் செய்யுங்கள். ராத்திரி முழுக்க அசையாமல் விட்டுவிட்டு, காலையில் மேல் பிளக்கைக் கழற்றி, அப்புறம் கீழ் பிளக்கை ஒரு சுற்று மட்டும் தளர்த்துங்கள். தண்ணீர் கனமானது, அடியில் தங்கியிருக்கும். ஆயிலுக்கு முன்னால் அதுதான் சொட்டும். கலங்கிப் பால் டீ நிறத்தில் ஆயில் வந்தால், தண்ணீர் உள்ளே போய் கிரவுனோடு சேர்ந்து கடைபட்டுவிட்டது. தேன் நிறத்திலோ கறுப்பாகவோ தெளிவாக வந்தால் தப்பித்தீர்கள்.

பிளக்கைக் கழற்றியதும் உடனே பனியன் வேஸ்ட்டில் துடைத்துவிடாதீர்கள். அதன் நுனியில் காந்தம் இருந்தால் ஏதாவது ஒட்டியிருக்கும். விரலால் தொட்டுப் பாருங்கள். கண்மை மாதிரி, நெருடாமல், கருஞ்சாம்பல் நிறத்தில் குழைவாக இருந்தால் அது வழக்கமான தேய்மானம். நெருடினால், ஊசி ஊசியாகக் குத்தினால், பேரிங்கோ பல்லோ போகத் தொடங்கியிருக்கிறது. அப்போது ஆயில் மாற்றி மூடி வைத்துப் பயனில்லை, திறந்து பார்க்க வேண்டும். வெளியே வந்த ஆயிலையும் அளந்துகொள்ளுங்கள். கையேட்டில் இருக்கும் அளவைவிட நிறையக் குறைந்தால், எங்கோ சீல் ஒழுகுகிறது.

டீசல் கேட்டீர்கள் அல்லவா? வேண்டாம். ஆக்ஸில் குழாய்க்குள்ளும் பேரிங் இடுக்கிலும் நிற்கிற டீசலை முழுதாக எடுக்க முடியாது. அது புது ஆயிலை நீர்க்கச் செய்துவிடும். கழுவ வேண்டும் என்றால் ஆயிலாலேயே கழுவுங்கள். அதே தரத்தில் விலை குறைந்த ஜிஎல்-5 ஊற்றி, 20, 30 கி.மீ. மெதுவாக ஓட்டி, சூட்டோடு கழித்துவிட்டு, அப்புறம் நல்ல ஆயிலை ஊற்றுங்கள். ஆயில் பால் நிறத்தில் வந்தவர்களுக்கு மட்டும்தான் இந்த இரட்டைச் செலவு.

ஊற்றுவதுதான் எரிச்சல் பிடித்த வேலை. டப்பா அந்த இடுக்கில் கவிழாது. ஒரு மீட்டர் டியூபில் புனலைச் செருகி வீல் ஆர்ச்சில் கட்டிவிட்டு, மறுமுனையைத் துளைக்குள் விடுங்கள். மார்கழிக் காலை என்றால் டப்பாவை வெந்நீர் வாளியில் கொஞ்ச நேரம் வையுங்கள், இல்லையென்றால் சொட்டுச் சொட்டாக இறங்கி உங்கள் பொறுமையைச் சோதிக்கும். துளையின் கீழ் விளிம்பைத் தொட்டு ஆயில் வழிய ஆரம்பித்தால் போதும். வாஷர் உள்ள பிளக் என்றால் புது வாஷர் போடுங்கள். முரட்டுத்தனமாக இறுக்கி மரையைக் கெடுக்காதீர்கள்.

முன்பக்க டிஃபரன்ஷியலுக்கும் இதே முறைதான், ஓடையில் அதுவும்தானே மூழ்கியது. டூ வீல் டிரைவ் தார் வைத்திருப்பவர்களுக்கு முன்னால் டிஃபரன்ஷியலே கிடையாது, வேலை பாதி. முன், பின் ஆக்ஸில்களுக்குச் சக்தியைப் பிரித்து அனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸ் தனி, அதற்கு என்ன ஆயில் என்று கையேட்டில் தனியாகப் பாருங்கள், மீந்ததை அதில் ஊற்றிவிடாதீர்கள். பழைய ஆயிலைச் சாக்கடையில் விடாமல், கேனில் பிடித்து, பழைய ஆயில் சேர்த்துக் கொடுக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

ஒரு வாரம் ஆகிவிட்டது என்கிறீர்கள். உள்ளே தண்ணீர் இருந்தால் பேரிங் துருப்பிடிக்க அது போதும், அடுத்த ஞாயிறு வரை தள்ளாதீர்கள். நாளைக் காலையிலேயே கீழ் பிளக்கைத் தளர்த்தி, முதலில் விழுகிற பத்துச் சொட்டை ஒரு கண்ணாடி டம்ளரில் பிடித்து, துடைக்காத பிளக்கோடு சேர்த்துப் படம் எடுத்துக் கமென்ட்டில் போடுங்கள் தம்பி, பார்த்துச் சொல்கிறேன்.