வீடு பார்க்க வருபவர் ‘வால்வ் இல்லை’ என்று எழுத வேண்டுமா?

வணக்கம் உறவுகளே. இன்றைக்குத் திருகோணமலை உவர்மலையில் ஒரு வீட்டுக்குள் நிற்கிறேன். லண்டனில் இருக்கிற நண்பர் ஒருவர் வாங்க யோசிக்கிற வீடு. அவருக்காகப் பார்க்க வந்தேன். வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுத்தான் படம் எடுக்கிறேன். வாசலையோ வீதியையோ காட்டமாட்டேன்.

அமெரிக்காவில் இருக்கிற ஓர் அக்கா ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். வீடு வாங்குமுன் காசு கொடுத்து, வீட்டின் நிலையைப் பரிசோதித்து அறிக்கை தருகிற ஓர் இன்ஸ்பெக்டரை வைத்துப் பார்த்திருக்கிறார். குடிபோன பிறகு சமையலறைக் குழாயை மாற்றப் பிளம்பரைக் கூப்பிட்டால், “சிங்குக்குக் கீழே வால்வே இல்லை, முழு வீட்டுத் தண்ணீரையும் நிறுத்த வேண்டும்” என்றாராம். அறிக்கையில் இதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இன்ஸ்பெக்டரிடம் கேட்டால், இல்லாத பொருளைத் தேடி எழுதுவது தன் வேலை அல்ல என்று சொல்லிவிட்டார். அவர் அதை எழுதியிருக்க வேண்டுமா, இல்லையா என்று அக்கா கேட்கிறார்.

எழுதியிருக்க வேண்டும் என்பதுதான் என் பதில். ஆனால் அந்த இன்ஸ்பெக்டர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிட்டுத்தான் மேலே போகலாம். அங்கே இவர்களுக்கு ஆஷி, இன்டர்நாச்சி என்று இரண்டு பெரிய சங்கங்கள் இருக்கின்றன. இரண்டின் தர விதிகளும் வீட்டின் பிரதான வால்வ் எங்கே இருக்கிறது என்று அறிக்கையில் குறிப்பிடச் சொல்கின்றன. சிங்க், கொமோட் என்று ஒவ்வொன்றுக்கும் உள்ள வால்வைத் தனித்தனியாக எழுதச் சொல்லவில்லை. வால்வைத் திருப்பிப் பார்க்கத் தேவையில்லை என்றும் சொல்கின்றன. ஆக, எழுத்துப்படி பார்த்தால் அவர் விதியை மீறவில்லை. அமெரிக்காவின் பல மாநிலங்கள் பின்பற்றுகிற குடியிருப்புக் கட்டட விதிக்கோவை, குளியல் தொட்டியும் ஷவரும் தவிர்ந்த மற்ற எல்லாவற்றுக்கும் தனி வால்வ் கேட்கிறது. அதுவும் புதிதாகக் கட்டுகிற வீட்டுக்கு. பழைய வீட்டில் அது இல்லாதிருந்தால் உடனே சட்டமீறல் என்று சொல்லிவிட முடியாது.

சரி, பிறகு ஏன் எழுத வேண்டும் என்கிறேன்? இப்படி வாருங்கள், இந்தச் சமையலறையைக் காட்டுகிறேன்.

இந்தக் கதவைத் திறக்கிறேன். சுவரிலிருந்து அரை அங்குல பைப் வெளியே வருகிறது, அதில் இந்த ஃபிளெக்சிபிள் ஹோஸ் நேரடியாகப் பூட்டியிருக்கிறது. இடையில் இந்த சிங்குக்கு மட்டும் தண்ணீரை மூடுகிற ஓர் ஆங்கிள் வால்வ் இருக்க வேண்டும், இல்லை. ஹோஸின் மேல் சுற்றியிருக்கிற ஸ்டீல் பின்னலைப் பாருங்கள். இந்த நட்டுக்குப் பக்கத்தில் இரண்டு மூன்று கம்பி அறுந்து நீட்டிக்கொண்டிருக்கிறது, நட்டில் பச்சையாகக் களிம்பும் பிடித்திருக்கிறது. கடற்காற்று அடிக்கிற ஊர், இங்கே இது வழக்கம்தான். உள்ளே இருக்கிற ரப்பர் குழாயைத் தாங்குவது இந்தப் பின்னல்தான். இது விட்டால் ரப்பர் வெடிக்கும்.

எந்த ஊர் இன்ஸ்பெக்டராக இருந்தாலும் ஒழுக்கு இருக்கிறதா என்று பார்க்க இந்தக் கதவைத் திறக்கத்தான் செய்வார். டோர்ச் வெளிச்சம் விழுகிற அதே இடத்தில்தான் வால்வ் இருக்க வேண்டும். கண்ணுக்கு நேரே தெரிகிற ஒன்றை எழுத மேலதிக நேரமோ கருவியோ தேவையில்லை. தர விதிகள் சொல்வது குறைந்தபட்சம் செய்ய வேண்டியதைத்தான். அதற்கு மேல் ஒரு வரி எழுதுவதை எந்தச் சங்கமும் தடுக்கவில்லை.

இப்போது மாடிக்கு வாருங்கள். எங்கள் ஊர் வீடுகளுக்கு முக்கியமான விசயம் இங்கேதான் இருக்கிறது.

அமெரிக்க வீடுகளில் பெரும்பாலும் தண்ணீர் வீதிக் குழாயிலிருந்து அழுத்தத்தோடு நேராக வீட்டுக்குள் வருகிறது. பிரதான வால்வை மூடினால் வீடு முழுக்க வரத்து நின்றுவிடும். இங்கே அப்படி இல்லை. கந்தளாயிலிருந்து வருகிற தண்ணீர் மீற்றரைத் தாண்டி இந்த மேல் தாங்கிக்கு ஏறுகிறது. கிணறு உள்ள வீட்டில் மோட்டர் வழியாகவும் ஏறுகிறது. குளியலறைக்கும் சமையலறைக்கும் தாங்கியிலிருந்து இறங்குகிறது. அதனால் கீழே ஹோஸ் வெடித்ததும் கேட்டடிக்கு ஓடி அங்கே இருக்கிற பிரதான வால்வை மூடினாலும், தலைக்கு மேலே 1000 லீற்றர் அப்படியே இருக்கும். நிமிடத்துக்கு 15 லீற்றர் என்று வைத்துக்கொண்டாலும், ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். மோட்டர் தானாக ஓடுகிற மாதிரிப் பூட்டியிருந்தால் இன்னும் மோசம். மட்டம் இறங்க இறங்க அது இறைத்துக்கொண்டே இருக்கும். கிணறு வற்றினால் மோட்டரும் கருகும்.

தாங்கியிலிருந்து இறங்குகிற இந்தப் பைப்பைப் பாருங்கள். தாங்கிக்குப் பக்கத்தில் ஒரு வால்வ் இருக்க வேண்டும். தொடக்கத்திலிருந்து எல்போ வரைக்கும் வெறும் பிவிசி, ஒன்றுமில்லை. சிங்குக்குக் கீழே இல்லாததை விட இது எனக்குப் பெரிய குறை. சிங்க் வால்வ் இல்லாவிட்டால் இதை மூடிச் சமாளிக்கலாம். இதுவும் இல்லாவிட்டால் ஒரு குழாய்க்கு வாஷர் மாற்றுவதற்கே தாங்கித் தண்ணீர் முழுவதையும் வடித்து ஊற்ற வேண்டும். கோடையில் தண்ணீர் விட்டுவிட்டு வருகிற வீடுகளில் இருப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய இழப்பு என்று நான் சொல்லத் தேவையில்லை.

“இது சீமெந்து வீடுதானே, அங்கே போல மரச் சுவரா நனைந்து கெட?” என்று இங்கே ஒருவர் என்னிடம் கேட்டார். சுவருக்கு ஒன்றும் ஆகாதுதான். பென்ட்ரியில் இருக்கிற பலகை ஊதிவிடும், தரைக்குப் பக்கத்தில் இருக்கிற பிளக் பொயின்ற் வரை தண்ணீர் ஏறும், மாடிக் குளியலறையில் வெடித்தால் கீழே லைட் வழியாக ஒழுகும். வீட்டில் ஆள் இருந்தால் பரவாயில்லை. எங்கள் ஊரில் எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது? சொந்தக்காரர் வெளிநாட்டில், சாவி பக்கத்து வீட்டு அம்மாவிடம். இரவில் சத்தம் கேட்டு அவர் போய்ப் பார்த்தால் எதை மூட வேண்டும் என்று யார் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்? மின்சாரத்துக்கு மெயின் சுவிட்ச் எங்கே என்று கேட்காமல் யாரும் வீடு வாங்குவதில்லை. தண்ணீருக்கும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

இன்ஸ்பெக்டர்கள் வால்வைத் திருப்பிப் பார்க்க மறுப்பதில் எனக்கு மனக்குறை இல்லை. கேட்டடியில் இருக்கிற பிரதான வால்வைப் பாருங்கள், சக்கரத்தைச் சுற்றி மூடுகிற ‘கேட் வால்வ்’ வகை, அதன் சக்கரக் கைபிடி துருப்பிடித்துப் பாதி தேய்ந்துவிட்டது. வருடக்கணக்காகத் திறந்தபடியே கிடந்த கேட் வால்வைப் பலமாகத் திருப்பினால் தண்டு முறியும், அல்லது மூடிய பிறகு திறக்காது, இல்லாவிட்டால் தண்டைச் சுற்றியிருக்கிற, அதுவரை ஒழுகாத அடைப்பு (கிளாண்ட்) ஒழுகத் தொடங்கும். அடுத்தவர் வீட்டில் அதைச் செய்துவிட்டு யார் பொறுப்பேற்பது? அதனால் திருப்பாமல் விடட்டும். ஆனால் ‘இருக்கிறது, திருப்பிப் பார்க்கவில்லை’ என்று எழுதட்டும். வெறுமனே ‘இருக்கிறது’ என்று எழுதினால், வாங்குகிறவர் அது வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்வார்.

இன்னொரு பயம், எழுதினால் அதைப் பிடித்துக்கொண்டு வாங்குகிறவர் விலையைக் குறைக்கச் சொல்வார் என்பது. சிங்குக்குக் கீழே வால்வ் இல்லை என்பதைப் பெரிய பழுதாக எழுதத் தேவையில்லை. தகவலாக எழுதலாம், போட்டால் நல்லது என்று சொல்லலாம். பிரதான வால்வும் தாங்கி வால்வும் இல்லை என்றால் மட்டும் குறை என்றே எழுத வேண்டும். சுடுதண்ணீர் கீசர் இருந்தால் அதற்குப் போகிற குளிர்தண்ணீர் பைப்பிலும் ஒரு வால்வ் பார்க்க வேண்டும். அதே கீசரின் அழுத்தம் விடுகிற சேஃப்டி வால்வுக்கும் கீசரின் தொட்டிக்கும் இடையில் மூடுகிற வால்வ் எதுவும் இருக்கவே கூடாது, அதன் வடிகுழாயிலும் கூடாது. யாராவது போட்டிருந்தால் அதுதான் அறிக்கையின் முதல் வரியாக வர வேண்டும், ஆபத்தான விசயம்.

இலங்கையில் வீடு வாங்கும்போது காணி உறுதியைச் சட்டத்தரணி பார்க்கிறார், வங்கிக் கடன் என்றால் மதிப்பீட்டாளர் வருகிறார். சிங்குக்குக் கீழே குனிந்து பார்க்க அநேகமாக யாரும் வருவதில்லை. தெரிந்த பிளம்பரையோ மேசன் பாஸையோ கூட்டிக்கொண்டு போகிறவர்கள், தண்ணீர் எங்கே நிற்கும் என்று அவரிடம் கேளுங்கள். மீற்றரோடு இருக்கிற நீர்வழங்கல் சபையின் பொருத்துகளில் கைவைக்காதீர்கள். அங்கே பிரச்சினை என்றால் 1939க்கு அழையுங்கள். மீற்றருக்குப் பிறகு வருவது வீட்டுக்காரர் பொறுப்பு.

நண்பருக்கு எழுதியதை வாசிக்கிறேன். “தாங்கி வெளிக்குழாயில் வால்வ் இல்லை. உறுதி எழுதுமுன் போட்டுத் தரச் சொல்லவும். உள்ளே பைப் அளவுக்கே முழுத் துளை உள்ள ‘போல் வால்வ்’ (ball valve) வேண்டும், தாங்கி உயரம் குறைவு என்பதால் மற்றவற்றில் வரத்து குறையும். சமையலறை சிங்குக்கு ஆங்கிள் வால்வ் இல்லை, ஹோஸ் பழுது, இரண்டையும் சேர்த்து மாற்றவும். கேட்டடி கேட் வால்வ் இருக்கிறது, திருப்பிப் பார்க்கவில்லை. குளியலறை வால்வுகள் இருக்கின்றன, திருப்பிப் பார்க்கவில்லை.”

இதைக் காட்டியதும் வீட்டுக்காரர் கோபப்படவில்லை. தாங்கி வால்வைத் தானே போட்டுத் தருகிறேன் என்றார், சிங்க் வேலையை வாங்குகிறவர் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். நண்பரும் சம்மதித்துவிட்டார். வால்வ் போடுகிற அன்றைக்குக் கமராவோடு மாடியில் நிற்பேன். பிவிசி பைப்பை எந்த இடத்தில் வெட்டுவது, பிறகு கழற்ற வசதியாக யூனியன் எங்கே வைப்பது என்று அப்போது காட்டுகிறேன்.