நண்பருக்கும் அது இழப்புதான்

நேயர்களுக்கு வணக்கம்.

துணையைப் பறிகொடுத்த ஒருவர், கொஞ்ச காலம் கழித்து இன்னொருவரை நேசிக்கத் தொடங்குகிறார். இதைக் கருவாகக் கொண்ட நாவல்கள் மீது எனக்குத் தனிப் பிரியம் உண்டு. ஆனால் அவற்றில் பல ஒரே இடத்தில் சறுக்குகின்றன. துக்கத்தை நோயாகவும் புதுக் காதலை அதற்கு மருந்தாகவும் எழுதிவிடுகிறார்கள். முதல் பாதி முழுக்க அழுகை, மறுபாதி முழுக்கச் சிரிப்பு.

துக்கம் படிப்படியாக நகர்ந்து ஒருநாள் தீர்ந்துவிடும் என்ற எண்ணமும் இதற்குக் காரணம். மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்று ஐந்து நிலைகளைச் சொல்வார்கள். மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர் ராஸ் 1969-இல் அவற்றை எழுதியபோது, முதன்மையாகப் பேசியது தம் மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளைப் பற்றி. 1999-இல் மார்கரெட் ஸ்ட்ரோப, ஹெங்க் ஸ்கட் என்ற ஆய்வாளர்கள் வேறு விதமாகச் சொன்னார்கள். துக்கத்தில் இருப்பவர் இழப்பை எண்ணி மருகுவார், அப்புறம் அன்றாட வேலைக்குத் திரும்புவார், மறுபடி மருகுவார். மனம் இப்படிப் போய்ப் போய் வருவது இயல்புதான் என்றார்கள்.

நல்ல நாவலாசிரியர் இதை ஒரு காட்சியில் காட்டிவிடுவார். கணவரின் இறப்புச் சான்றிதழ் நகலோடு வங்கி வரிசையில் நிற்கும் பெண், பக்கத்தில் ஒரு குழந்தை சொன்னதைக் கேட்டு வாய்விட்டுச் சிரிக்கிறாள். வெளியே வந்ததும் அதை அவரிடம் சொல்ல, கை தானாகப் போனை எடுக்கிறது. எண் இன்னும் அழிக்கப்படவில்லை. இந்த ஒரு நிமிடத்தை எழுதத் தெரிந்தவர், பக்கம் பக்கமாக அழ வைக்க வேண்டியதில்லை.

சரி, நட்புக்கு வருவோம். என் பெரிய மனக்குறை இங்கேதான். இந்தக் கதைகளில் தோழி வருவாள், நாயகியை வீட்டைவிட்டு வெளியே இழுத்துப் போவாள், யாரையாவது அறிமுகப்படுத்துவாள், அதோடு காணாமல் போவாள். இறந்தவர் அவளுக்கும் நண்பர்தானே? ஆறுதல் சொல்ல வந்தவளுக்கு யார் ஆறுதல் சொன்னார்கள்? மற்றவர்கள் அந்தப் பெயரையே தவிர்க்கத் தொடங்கிய பிறகும், பெயரைச் சொல்லிப் பேசிக்கொண்டிருப்பவள் அவள்தான்.

"நீ எத்தனை நாளைக்குத் தனியா இருப்பே?" என்று முதலில் கேட்பதும் அவளே. ஆனால் நிஜமாகவே ஒருவர் வந்து நிற்கும்போது, "அதுக்குள்ளயா?" என்று அவள் வாயிலிருந்து வந்துவிடுகிறது. அந்த ஒரு சொல்லில் ஒரு நாவலே இருக்கிறது. தோழி பொறாமைக்காரி இல்லை, நாயகி மறந்துபோனவளும் இல்லை. சேர்ந்து நினைத்துப் பார்க்க இருந்த ஒரே ஆளும் கைவிட்டுப் போய்விடுவாளோ என்ற பயம் அது.

புதிதாக வருபவரையும் இதை வைத்தே நான் எடைபோடுவேன். சுவரிலிருந்து பழைய படத்தைக் கழற்றுவதுதான் மீட்சி என்று எழுதுவதை என்னால் ஏற்க முடிவதில்லை. படம் அங்கேயே இருக்கட்டும். "அவருக்குக் கோபம் வந்தால் எப்படி இருப்பார்?" என்று கேட்டுவிட்டு, பதிலை முழுசாகக் கேட்கிற மனிதர் இருந்தால் அந்தக் காதலை நான் நம்புவேன்.

இப்படி ஒரு நாவல் உங்கள் கைக்கு வந்தால், கடைசி அத்தியாயங்களில் தோழி எங்கே இருக்கிறாள் என்று பாருங்கள். வாழ்த்துச் சொல்ல மட்டும் வந்துபோனால் பாதிக் கதை எழுதப்படவே இல்லை. அவளும் அந்தப் புது மனிதரும் எதிரெதிரே உட்கார்ந்து, இறந்தவரைப் பற்றி மனம்விட்டுப் பேசும் அத்தியாயம் ஒன்று இருந்தால், அந்த நாவலை அவசியம் வாசியுங்கள்.

நன்றி, வணக்கம்.