பத்தாயிரத்துக்குள் ஒரு கிடார்

நேயர்களுக்கு வணக்கம். "பிள்ளை கிடார் கேட்கிறான் சார், பத்தாயிரத்துக்குள் எது நல்லது?" இந்தக் கேள்வி வாரம் தவறாமல் வரும். கம்பெனி பெயர் சொல்லப்போவதில்லை. ஒரே மாடலில் பக்கத்துப் பக்கத்தில் தொங்கும் இரண்டு கிடார்கூட ஒன்றுபோல் இருப்பதில்லை. கையில் எடுத்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

கடையில் என்ன செய்கிறோம்? ஆறு தந்தியையும் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, "சவுண்டு நல்லா இருக்கே" என்கிறோம். கடைக்காரர் வாசித்துக் காட்டிவிட்டால் தீர்ந்தது; பழகிய கை எந்தக் கிடாரையும் பாடவைத்துவிடும். சத்தம் அப்புறம். முதலில் விரலுக்குச் சரிப்படுகிறதா என்று பாருங்கள்.

கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் கம்பிகள்தான் ஃப்ரெட். இரட்டைப் புள்ளி இருக்குமே, அதுதான் பன்னிரண்டாவது ஃப்ரெட். அங்கே ஃப்ரெட் கம்பிக்கும் தடித்த தந்திக்கும் இடைவெளி ஏறக்குறைய 2.5 மில்லிமீட்டர் இருந்தால் நல்லது. இதை ஆக்‌ஷன் என்பார்கள். 4 மில்லிமீட்டர் என்றால் புதிதாகப் பழகுகிறவர் ஒரு மாதத்தில் கிடாரைப் பரணில் ஏற்றிவிடுவார்.

ஆனால் அதை மட்டும் பார்த்தால் போதாது. என்னிடம் ஒரு கல்லூரி மாணவி படித்தார். எஃப் கார்டு வரவே வராது. பல சுரங்களைச் சேர்த்து ஒலிக்கவைக்கும் விரல்பிடிதான் கார்டு. சுட்டுவிரலால் ஆறு தந்தியையும் அழுத்த வேண்டிய கார்டு அது. பலர் கிடாரை விடுவதே அதனால்தான். "எனக்குக் கை சின்னது சார், விட்டுடறேன்" என்றார். அவர் கிடாரை வாங்கி, முதல் ஃப்ரெட்டில் கேப்போ, அதாவது எல்லாத் தந்தியையும் சேர்த்து அழுத்திப் பிடிக்கும் கிளிப், மாட்டி, அதே எஃப் வடிவத்தை ஒரு கட்டம் தள்ளிப் பிடிக்கச் சொன்னேன். ஆறு தந்தியும் பளிச்சென்று பேசின. குற்றம் கையில் இல்லை, நட்டில். தலைப்பக்கம் தந்திகள் உட்கார்ந்திருக்கும் வெள்ளைப் பட்டைதான் நட். விலை குறைந்த கிடாரில் அதன் பள்ளங்களை ஆழமாக அராவாமல் அப்படியே அனுப்பிவிடுகிறார்கள். கேப்போ போட்டதும் நட்டுக்கு அங்கே வேலை இல்லை, தந்தி இறங்கிவிடுகிறது. ரிப்பேர்காரர் ஒருவர் அராவிக் கொடுத்தார். மறு வகுப்பில் எஃப் வந்துவிட்டது. கை அதே கைதான்! ஆகவே, கடைக்குப் போகும்போது ஒரு கேப்போ கொண்டுபோங்கள். மறுபடி சொல்கிறேன், கேப்போ.

நட்டைச் சரிசெய்யலாம், ஆக்‌ஷனையும் இறக்கலாம். சுருதி விலகல் அப்படி இல்லை. பன்னிரண்டாவது ஃப்ரெட் தந்தியைச் சரிபாதியாக்கும் இடம். அங்கே லேசாகத் தொட்டு மீட்டுங்கள், பிறகு அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒரே சுரமாக இருக்க வேண்டும். ஃபோனில் சுருதி காட்டும் ட்யூனர் வைத்துப் பாருங்கள். மயிரிழை பிசகினால் பரவாயில்லை. புதுத் தந்தி போட்டும் காதுக்கே உறுத்தினால் அந்தக் கிடாரே வேண்டாம்.

நேரம் ஆகிவிட்டது என்று கண்ணாடிக்கு அப்பால் கை காட்டுகிறார்கள். சத்தத்தைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். சுருக்கமாகச் சொல்கிறேன். வேறொருவரை வாசிக்கச் சொல்லி எதிரே நின்று கேளுங்கள்; கிடாரின் ஒலி முன்பக்கம்தான் போகிறது. இந்த விலையில் மேற்பலகை பெரும்பாலும் பிளைவுட்தான். முழுப்பலகையின் நிறைவு இருக்காது, ஆனால் கடலோர ஈரக்காற்றைத் தாங்கும். விரல் வலித்தால் 10 கேஜ் என்ற மெல்லிய தந்தி போட்டுக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.