கூண்டில் நிற்கும் பிள்ளைக்கு யார் வக்கீல்?

அவையோருக்கு வணக்கம்.

ஆட்கடத்தல் என்றதும் நம் மனக்கண்ணில் ஒரு படம் ஓடும். பூட்டிய அறை, நள்ளிரவு, போலீஸ் கதவை உடைக்கிறது, போர்வை போர்த்திய ஒரு பெண்ணை வெளியே அழைத்து வருகிறார்கள். பத்திரிகைகளுக்கு அந்தப் படம் பிடிக்கும். நன்கொடை திரட்டுகிறவர்களுக்கு அதைவிடப் பிடிக்கும். ஆனால் இந்த வழக்குகளை நடத்துகிற வக்கீல்களிடம் போய், உங்கள் கட்சிக்காரரை முதலில் எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டுப் பாருங்கள். பலரும் லாக்கப்பில் என்பார்கள். கஞ்சா வளர்த்த வழக்கு, பிக்பாக்கெட் வழக்கு, போலி பாஸ்போர்ட் வழக்கு. குற்றப்பத்திரிகையில் எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், என்ற இடத்தில் ஒரு பிள்ளையின் பெயர் இருக்கும். அந்தப் பிள்ளையை அங்கே கொண்டுபோய் நிறுத்தியவன் பெயர் எந்தக் காகிதத்திலும் இருக்காது.

இதில் ஆச்சரியப்பட ஒன்றும் இல்லை. கடத்தல்காரன் முட்டாள் அல்ல. போலீஸ் வந்தால் மாட்டிக்கொள்ளக்கூடிய வேலைக்குத்தான் அவன் ஆள் பிடிக்கிறான். செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கொடுப்பது, கூட்டத்தில் அடுத்தவர் பையில் கைவிடுவது எல்லாம் பிள்ளைகள் பாடு. பணம் மட்டும் அவனுக்கு. ஆகவே இந்த வக்கீல்களின் வேலையில் பெரும்பகுதி எது என்று என்னைக் கேட்டால், நீதிமன்றம் எதிரியாகப் பார்க்கிற ஆளைப் பாதிக்கப்பட்டவராகப் பார்க்க வைப்பதுதான் என்பேன். அதையும் தண்டனை விழுவதற்கு முன்னால் செய்தாக வேண்டும்.

சட்டம் இல்லை என்று யாரும் கையை விரிக்க முடியாது. 2000 நவம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட பலெர்மோ நெறிமுறை, ஆட்கடத்தல் என்றால் என்ன என்பதை வரையறுத்துவிட்டது. மூன்று அம்சங்கள் உண்டு. ஆள் சேர்ப்பது, கொண்டுபோவது, ஒளித்து வைப்பது போன்ற ஒரு செயல். மிரட்டல், ஏமாற்று, ஒருவரின் கதியற்ற நிலையைப் பயன்படுத்திக்கொள்வது போன்ற ஒரு வழி. சுரண்டல் என்ற நோக்கம். பதினெட்டு வயது நிரம்பாதவர் என்றால் நடுவில் உள்ள அந்த 'வழி'யைத் தேடவே வேண்டாம். செயலும் நோக்கமும் இருந்தால் போதும். "பையன் தானாகத்தான் வந்தான்", "பெற்ற தாயே சம்மதித்துத்தான் அனுப்பினாள்" என்கிற வாதங்கள் பிள்ளைகள் விஷயத்தில் செல்லாது. ஏட்டில் செல்லாது. கோர்ட்டில் அன்றாடம் அவை எடுபடுகின்றன என்பதுதான் நம் கவலை.

பெரியவர்கள் விஷயத்திலும் 'சம்மதம்' என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பார்கள். கிரீஸில் மனோலாதா என்று ஓர் ஊர். ஸ்ட்ராபெரி பறிக்க வங்கதேசத்துத் தொழிலாளர்களை அமர்த்தினார்கள். ஏழு மணி நேர வேலைக்கு 22 யூரோ என்று பேச்சு. மாதங்கள் ஓடின, கூலி வரவில்லை. தோட்டத்தில் ஆயுதத்தோடு காவல். வேலையை விட்டுப் போனால் அதுவரை உழைத்த கூலியும் போச்சு என்ற பயம். 2013 ஏப்ரலில் கூலியைக் கேட்டுத் திரண்டபோது துப்பாக்கிச் சூடு நடந்தது, 30 பேருக்குக் காயம். அந்நாட்டு நீதிமன்றம் என்ன செய்தது தெரியுமா? இவர்களால் வெளியே போய்வர முடிந்தது, வேறு வேலை தேடியிருக்கலாம் என்று சொல்லி, ஆட்கடத்தல் குற்றச்சாட்டிலிருந்து எல்லோரையும் விடுவித்துவிட்டது. 2017 மார்ச்சில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. தொழிலாளியின் கதியற்ற நிலையை வைத்து முதலாளி சுரண்டும்போது, அவர் விரும்பித்தான் உழைத்தார் என்று சொல்ல முடியாது என்றது. ஆரம்பத்தில் சரி என்று தலையாட்டியதை மட்டும் வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது என்றது. கதவு திறந்துதானே இருந்தது என்று வாதாடுகிறவர்களுக்கு இதைவிட நல்ல பதில் என் கைவசம் இல்லை.

பிள்ளைகளுக்கு வருகிறேன். 2009-இல் இங்கிலாந்தில் கஞ்சா வளர்த்த இரண்டு வெவ்வேறு இடங்களில், இரண்டு வியட்நாமியச் சிறுவர்கள் போலீசில் சிக்கினார்கள். தீர்ப்பில் அவர்களுக்குப் பெயர் இல்லை, வி.சி.எல்., ஏ.என். என்ற எழுத்துகள்தான். இருவரும் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள். இருவருக்கும் தண்டனை விழுந்தது. ஆட்கடத்தலில் சிக்கியவர்களை அடையாளம் காண்பதற்கென்றே அரசு வைத்திருந்த அமைப்பு, இவர்கள் ஒப்புக்கொண்ட பிறகு, இவர்கள் கடத்தப்பட்டவர்கள்தான் என்று சொன்னது. அரசுத் தரப்பு வக்கீல்கள் அதற்கு உடன்படவில்லை. மேல்முறையீட்டிலும் குற்றத்தீர்ப்பு நிலைத்தது. ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கும் அதே ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பு எழுதியது 2021 பிப்ரவரி 16 அன்று. சிக்கி ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகள். சிறுவர்கள் அதற்குள் பெரியவர்களாகி நின்றார்கள்.

இந்தத் தீர்ப்பை மிகைப்படுத்திச் சொல்கிறவர்கள் உண்டு. பாதிக்கப்பட்டவர் மீது வழக்கே போடக்கூடாது என்று அது சொல்லவில்லை. கடத்தப்பட்டிருக்கலாம் என்பதற்கான அறிகுறி தென்பட்ட உடனேயே, பயிற்சி பெற்ற ஒருவர் அதை ஆராய வேண்டும். வழக்குத் தொடுப்பதா வேண்டாமா என்ற முடிவு அதற்குப் பிறகுதான் என்றது. ஆராய்ந்தவர் சொன்னதை அரசு வக்கீல் ஏற்கவில்லை என்றால் தெளிவான காரணம் காட்ட வேண்டும். அந்தக் காரணமும் சட்டத்தின் வரையறைக்குள் நிற்க வேண்டும். எனக்கு இன்னும் முக்கியமாகப் படுவது வேறு. பிள்ளைகளே குற்றத்தை ஒப்புக்கொண்டார்களே என்று அரசு வாதிட்டது. தாங்கள் கடத்தப்பட்டவர்களா என்று யாரும் ஆராயாத நிலையில் சொன்ன ஒப்புதல் அது, முழு உண்மையும் தெரிந்து சொன்னதாகாது, அதைக் காட்டி அவர்கள் உரிமையை விட்டுக்கொடுத்துவிட்டார்கள் என்று சொல்ல முடியாது என்றது நீதிமன்றம். இங்கே உட்கார்ந்திருக்கிற இளம் வக்கீல்களுக்குச் சொல்கிறேன். "ஒப்புக்கொண்டுவிடு தம்பி, தண்டனை குறையும்" என்று அவசரத்தில் ஆலோசனை சொல்கிற பழக்கம் நம் தொழிலில் உண்டு. அந்த வார்த்தையைச் சொல்வதற்கு முன் நாலு கேள்வி கேளுங்கள். இந்த வேலைக்கு உன்னை யார் கூட்டிவந்தது? உன் போன், உன் காகிதங்கள் யாரிடம் இருந்தன? யாருக்குக் கடன் பாக்கி? நீ பேசினால் ஊரில் யாருக்கு ஆபத்து?

கேள்வி சுலபம், பதில் உடனே வராது. முதல் சந்திப்பில் பெரும்பாலும் கிடைப்பது ஒப்பித்த கதை. வயதைக் கூட்டிச் சொல்லு, ஏஜென்ட்டை மாமா என்று சொல்லு, பாஸ்போர்ட் கடலில் விழுந்தது என்று சொல்லு என்றெல்லாம் சொல்லிக்கொடுத்துத்தான் அனுப்புவார்கள். இரண்டாம் சந்திப்பில் கதையில் ஒரு நூல் பிரியும். சில மாதம் கழித்து வேறொரு கதை வரும், உண்மை அதில்தான் இருக்கும். எதிர்த்தரப்பு வக்கீல் மூன்றையும் வரிசையாக அடுக்கி, "எந்தப் பொய்யை நம்பச் சொல்கிறீர்கள்?" என்பார். நீதிபதிக்கு இதை விளக்க வக்கீலின் பேச்சு மட்டும் பத்தாது. நடுங்கிப்போன மனம் நடந்ததை வரிசைப்படி சொல்லாது என்பதை மருத்துவர் எழுதித் தரும் அறிக்கையால்தான் நிறுவ முடியும். அந்த அறிக்கையைக் காலத்தோடு வாங்கி வைக்கிறாரா என்பதை வைத்தே ஒரு வக்கீலின் தரத்தை நான் எடை போடுவேன்.

பேட்டி எடுக்கும் அறையைக் கொஞ்சம் கிட்டத்தில் பாருங்கள். நாற்காலியை எப்படிப் போடுவது என்பதே ஒரு யோசனை. பிள்ளைக்குக் கதவு தெரிய வேண்டும், வழியை யாரும் மறித்து உட்காரக் கூடாது. மொழிபெயர்ப்பாளர் யார் என்பது இன்னொரு யோசனை. அதே மொழி, அதே வட்டாரம் என்றால் வசதி என்று நாம் நினைப்போம். பிள்ளைக்கோ குலை நடுங்கும், ஏஜென்ட்டுக்கு வேண்டியவராக இருந்தால்? ஆகவே மொழிபெயர்ப்பாளரை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, முதலில் பிள்ளையின் மொழியில் எழுதிய ஒரு சீட்டைக் காட்டிக் கேட்பார்கள்: இவர் சரியா, வேறு ஆள் வேண்டுமா? பிள்ளை வேண்டாம் என்று தலையசைத்தால், காரணம் கேட்காமல் மாற்றிவிட வேண்டும். அப்புறம் முதல் கேள்வி. "என்ன நடந்தது?" என்று ஆரம்பித்தால் வாயைத் திறக்காது. தூங்கினாயா, சாப்பிட்டாயா, எங்கே தங்கியிருக்கிறாய், அங்கே பயமாக இருக்கிறதா என்று தொடங்க வேண்டும். அன்றைக்கு ஒரு வரியும் எழுதாமல் எழுந்து வரத் தயாராக இருக்க வேண்டும். இந்தப் பொறுமைக்குக் கட்டண ரசீதில் இடம் கிடையாது. இலவசச் சட்ட உதவியில் இத்தனை மணி நேரம்தான் என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு இது புரிவதும் இல்லை.

வயதுச் சண்டை தனி. பிறப்புச் சான்றிதழ் இருக்காது, இருந்தாலும் போலி. உடனே மணிக்கட்டை எக்ஸ்ரே எடுப்பார்கள். அந்த எலும்பை ஒப்பிட நெடுங்காலமாகப் பயன்பட்டு வரும் அளவுகோல் எங்கிருந்து வந்தது? 1930களிலும் 40களின் தொடக்கத்திலும் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் வசதியான வெள்ளைக்காரக் குடும்பத்துப் பிள்ளைகளிடம் எடுத்த படங்களிலிருந்து. பசியும் பட்டினியுமாக வேறொரு கண்டத்தில் வளர்ந்த பிள்ளையின் கையை அதோடு ஒப்பிட்டுப் பதினேழா பத்தொன்பதா என்று சொல்லச் சொல்கிறோம். ஒன்றிரண்டு வயது முன்பின் போவது அந்தச் சோதனையிலேயே சகஜம். வழக்கின் முடிவோ அந்த ஒன்றிரண்டு வயதில் தொங்குகிறது. ஆட்கடத்தலுக்கு எதிரான ஐரோப்பிய கவுன்சிலின் 2005 உடன்படிக்கை, வயது சந்தேகமாக இருந்து பிள்ளையாக இருக்கலாம் என்று கருத இடமும் இருந்தால், பிள்ளையாகவே நடத்து என்கிறது. சந்தேகத்தின் பலன் பிள்ளைக்கு. எளிய விதிதான், அமல்படுத்தத்தான் ஆள் இல்லை.

அரசுத் தரப்புக்கும் நமக்கும் உள்ள உரசலைப் பற்றியும் சொல்ல வேண்டும், அதிகம் பேசப்படாத விஷயம் அது. கடத்தல்காரனைப் பிடிக்க அரசுக்குச் சாட்சி வேண்டும். நல்ல நோக்கம்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் பிள்ளை சாட்சி சொல்லத் தயாரா என்பது வேறு கேள்வி. "ஒத்துழைத்தால் தங்குமிடம், இல்லாவிட்டால் ஊருக்குத் திருப்பி அனுப்புவோம்" என்றால் அதுவும் ஒரு மிரட்டல்தானே? அந்த 2005 உடன்படிக்கையே குறைந்தது 30 நாள் மூச்சுவிட அவகாசம் கொடுக்கச் சொல்கிறது. பாதிக்கப்பட்டவர் அந்த நாட்களில் தேறி, யோசித்து முடிவெடுக்கலாம். ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு, தன்னைப் பாதிக்கிற எல்லா விஷயத்திலும் பிள்ளை தன் கருத்தைச் சொல்லலாம் என்கிறது. சாட்சி சொல்ல மாட்டேன் என்பதும் ஒரு கருத்துதான். அதைத் தயங்காமல் நீதிபதியிடம் எடுத்துச் சொல்ல ஒருவர் வேண்டும். பிள்ளைக்கென்று தனி வக்கீல் வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதற்காகத்தான். அரசு வக்கீல் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவருடைய கட்சிக்காரர் அரசு.

இழப்பீடு பற்றி நிறையச் சொல்ல எதுவும் இல்லை. சட்டத்தில் இருக்கிறது, கையில் வருவது அபூர்வம். கடத்தல்காரன் சொத்தை மாற்றி எழுதியிருப்பான். அரசு நிதிக்கு விண்ணப்பித்தால், குற்றத்தீர்ப்பு பெற்றவருக்குக் கிடையாது என்று சில இடங்களில் கை விரிப்பார்கள். ஆகவே பழைய தண்டனையை ரத்து செய்ய வைப்பதுதான் முதல் படி. அது நிற்கும்வரை வேலை கேட்கிற இடத்தில், விசா கேட்கிற இடத்தில், எங்கும் அந்தப் பெயரோடு அந்தக் குற்றம் ஒட்டிக்கொண்டே வரும்.

கடைசியாக நடைமுறையில் ஒன்று. 2022-இல் வெளியான சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் மதிப்பீட்டின்படி கட்டாய உழைப்பில் சிக்கியிருப்பவர்கள் 2 கோடியே 76 லட்சம் பேர். அவர்களில் 33 லட்சம் பேர் பிள்ளைகள். அவர்களில் யாராவது தப்பி வந்து வக்கீல் வாசலை மிதிக்கும்போது பெரும்பாலும் பதினாறோ பதினேழோ ஆகியிருக்கும். பதினெட்டு முடிந்த மறுநாள் பாதுகாவலர் போய்விடுவார், பிள்ளைகள் இல்லத்தில் இடம் போய்விடும், பள்ளி போய்விடும். வழக்கு மட்டும் ஓடிக்கொண்டிருக்கும். அதனால் கோப்பு கைக்கு வந்த அன்றே பிறந்தநாளைப் பார்த்து, எதற்கு எத்தனை மாதம் மிச்சம் என்று முதல் தாளிலேயே எழுதி வையுங்கள். வயது பற்றிய தகராறு, தங்குவதற்கான அனுமதி, பதினெட்டுக்குப் பிறகும் தங்குமிடம் நீடிக்க ஒரு மனு, இவை மூன்றும் முன்னால் போகட்டும். இழப்பீட்டு வழக்கு கொஞ்சம் காத்திருந்தாலும் பரவாயில்லை.

நேரமாகிவிட்டது என்று தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். கேள்விகள் இருந்தால் கேளுங்கள், எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன். நன்றி.