குடமுருட்டிப் பாலத்தில் கால் மணி நேரம்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, திருவையாற்றுப் பெருமக்களே, வணக்கம். ‘போகிற வழியில் கண்ட காட்சிகளைப் படமெடுப்பது பார்வையைக் கூர்மையாக்குகிறதா, மழுங்கடிக்கிறதா?’ என்ற தலைப்பில், கூர்மையாக்குகிறது என்று வாதிட வந்திருக்கிறேன். எனக்கு முன்பு பேசிய நண்பர், ஆடிப்பெருக்கன்று புஷ்ய மண்டபப் படித்துறையில் காவிரிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு செல்ஃபி எடுத்த கூட்டத்தை அழகாக வருணித்தார். அவை கைதட்டியது, நானும்தான் தட்டினேன். ஆனால் அங்கே எடுக்கப்பட்டது முகம்; ஆறு அதற்குப் பின்னணித் திரை, அவ்வளவுதான். தன் முகத்தைத் தானே எடுத்துக்கொள்பவர் செய்த குற்றத்துக்குக் காட்சியைப் படமெடுப்பவரைக் கூண்டில் ஏற்றுவது என்ன நியாயம்?

நான் தஞ்சாவூரிலிருந்து இவ்வூருக்குப் பதினோரு ஆண்டுகளாகப் பேருந்தில் வேலைக்கு வந்து போகிறவன். வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என ஐந்து ஆறுகளை நாளும் இருமுறை கடந்தும், எந்தப் பாலம் எந்த ஆற்றுக்குரியது என்று யாரேனும் கேட்டிருந்தால் திருதிருவென்று விழித்திருப்பேன். ஒரு ஜூன் மாதம், மேட்டூர் அணையை 12-ஆம் தேதி திறந்து, அந்தத் தண்ணீர் வந்து சேர்ந்து, கல்லணையையும் திறந்துவிட்டிருந்த நேரம். பேருந்து பழுதாகிக் குடமுருட்டிப் பாலத்தருகே நின்றுவிட்டது. பொழுது போகாமல் கைப்பேசியை நீட்டியபோதுதான் பார்த்தேன்: வறண்ட மணலின்மேல், காப்பித்தூள் நிறத்தில் நாக்கு நாக்காகத் தண்ணீர், சருகையும் நுரையையும் முன்னே தள்ளிக்கொண்டு, குழந்தை தவழும் வேகத்தில் வந்துகொண்டிருந்தது. மணல் குடிக்கக் குடிக்கக் குமிழிகள் கிளம்பின. பொந்துகளிலிருந்து வெளியே ஓடிவந்த பூச்சிகளைக் கொத்துவதற்காக மூன்று மடையான்கள், நீர் ஓரடி முன்னேறினால் தாமும் ஓரடி பின்வாங்கிக்கொண்டே இருந்தன. அம்மூன்றும் ஒரே வரிசையில் அமையட்டும் என்று நான் காத்திருந்த கால் மணி நேரத்தை, ‘பார்க்காமல் தொலைத்த நேரம்’ என்று நண்பர் கணக்கெழுதுவாரா? படமெடுக்கும் எண்ணம் மட்டும் இல்லாதிருந்தால், ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுத்த பேருந்தையல்லவா எதிர்பார்த்து நின்றிருப்பேன்!

1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலைப் படமெடுத்த ஆங்கிலேயப் படை அதிகாரி லின்னேயஸ் டிரைப், விமானத்தோடு நிறுத்திக்கொள்ளவில்லை; அடித்தளத்தைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார். அண்ணாந்து பார்ப்பதற்கென்றே எழுப்பியது போன்ற கோயிலில் அவர் குனிந்தும் பார்த்திருக்கிறார்.

‘ஆயிரம் படம் எடுத்தீர்களே, ஒன்றையாவது திரும்பப் பார்த்ததுண்டா?’ என்றும் நண்பர் கேட்டார். அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான் கோயிலில் களவுபோன நடராசர், 2008-இல் ஆஸ்திரேலியத் தேசியக் கலைக்கூடத்துக்கு விலைபோய், 2014-இல் நாடு திரும்பினார். அவர் அந்தக் கோயிலுக்குரியவர் என்று காட்டிக்கொடுத்தது, புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தார் முன்னமே அங்கு எடுத்து வைத்திருந்த பழைய படம். ‘அது ஆய்வுப் பணி, உங்களுடையது பொழுதுபோக்கு’ என்று எதிரணி சொல்லும், சொல்லட்டும். திருட்டை எதிர்பார்த்தா அவர்கள் அதை எடுத்தார்கள்?

என் படத்துக்கு அத்தகைய பெருமை எதுவும் இல்லை. அன்றிரவு அதைக் குடமுருட்டிக் கரையில் வளர்ந்த என் பெரியப்பாவிடம் காட்டினேன். நான் கால் மணி நேரம் காத்திருந்து பிடித்த மடையான்களை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. படத்தின் ஓரத்தில், நாணலுக்கு நடுவே ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்த கருங்கல்லைப் பெரிதாக்கச் சொன்னார். “இது படித்துறைடா. கீழே இன்னும் ஏழு படி மண்ணுக்குள்ளே கிடக்கு” என்றார். மறுநாள் காலை எனக்கு முன்பே பேருந்தில் ஏறி, சன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. அந்தப் படம் இந்தக் கைப்பேசியில்தான் இருக்கிறது. கேட்டால் மேடையிலேயே காட்டுகிறேன்.