பலகையில் பெயர் வரும் வரை

நேயர்களுக்கு வணக்கம்.

பெங்களூரில் சாயங்காலம் பூட்டிய அலுவலகப் படிகளில் ஸ்கேட்போர்டு சத்தம் கேட்டிருப்பீர்கள். வாட்ச்மேன் விசில் ஊதுவதும் கேட்டிருக்கும். அல்சூர், சிவாஜிநகர் பக்கத்துப் பெற்றோர்கள் என்னிடம் கேட்பது ஒன்றுதான்: "சார், இதில் சம்பாத்தியம் உண்டா?"

உண்டு. ஆனால் மெடலை வைத்து இந்தத் தொழிலை அளக்காதீர்கள். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜப்பானின் மொமிஜி நிஷியா 13 வயதில் தங்கம் வாங்கினார், பெரிய விஷயம்தான். ஆனால் ஒலிம்பிக்கில் சேர்வதற்குப் பல வருடம் முன்பே இந்தத் தொழில் தெருவில் நடந்துகொண்டிருந்தது. ஸ்கேட்போர்டு ஆடுபவர்கள் சில நிமிட வீடியோவுக்காக மாதக்கணக்கில் ஒரே படிக்கட்டு, ஒரே கைப்பிடிக் கம்பி என்று விழுந்து எழுவார்கள். அதைப் பார்த்துக் கம்பெனிக்காரர்கள் முதலில் இலவசமாகப் பலகை தருவார்கள். அப்புறம் மாதப் பணம். கடைசியில் ஆடுபவரின் பெயர் அச்சிட்ட பலகை கடைக்கு வரும், விற்பனையில் பங்கும் வரும். அப்போதுதான் அவர் ப்ரோ, அதாவது தொழில்முறை ஆட்டக்காரர்.

இங்கே ராட்னி மல்லன் கதையைச் சொல்லியே ஆக வேண்டும். அமெரிக்காவில் ஃபுளோரிடாக்காரர். பத்து வயதில் பலகை கேட்டபோது அப்பா கறார்: எப்போதும் பாதுகாப்புக் கவசம் போட வேண்டும், அடிபட்டால் அன்றோடு சரி. நம் வீட்டு அப்பா பேசுகிற மாதிரியே இல்லையா? பையன் வீட்டு கராஜிலேயே பழகினான். சரிவுத் தளத்தில் ஆலன் கெல்ஃபாண்ட் என்ற ஸ்கேட்டர் செய்துகாட்டிய ‘ஆலி’ என்ற எம்பும் வித்தையை, 1982இல் சமதரைக்குக் கொண்டுவந்தவர் இவர்தான். பின்காலால் பலகையின் வாலைத் தரையில் தட்ட வேண்டும், மூக்கு எழும்பும். பலகையின் மேல் உப்புத்தாள் மாதிரி ஒரு சொரசொரப்பு இருக்கும். அதில் முன்காலைத் தேய்த்து முன்னே தள்ளினால் மொத்தப் பலகையும் காலோடு மேலே வரும். கை படவே படாது! படியும் கம்பியும் ஏறுகிற தெரு வித்தை பெரும்பாலும் இதிலிருந்து கிளைத்ததுதான். சமதளத்தில் தனியே ஆடும் ஃப்ரீஸ்டைலில் கிட்டத்தட்ட எல்லாப் போட்டியும் ஜெயித்தவர் மல்லன். அந்த வகைக்கே மவுசு போனபோது, 90களின் தொடக்கத்தில் தெருவுக்கு வந்து வீடியோ மூலம் மறுபடி பெயர் வாங்கினார். தொழில் என்று நான் சொல்வது இதைத்தான். வெற்றிக் கணக்கு அங்கே உதவவில்லை, புதிதாக எதைச் செய்தார் என்பதுதான் நின்றது.

அடிபடுவதைப் பற்றித் தனியாகப் பேச நினைத்தேன், நேரம் முடியப் போகிறது என்று சைகை காட்டுகிறார்கள். சரி, சுருக்கமாக. ஹெல்மெட் தலைக்குப் பொருந்த வேண்டும். விழும்போது கையை நேராக ஊன்றாதீர்கள், மணிக்கட்டு போய்விடும், உருண்டு விழப் பழகுங்கள். சக்கரம் சின்னது, ஒரு ஜல்லிக்கல் போதும் பலகையை நிறுத்த, அதனால் இடத்தைக் கூட்டிவிட்டுத் தொடங்குங்கள். மழை ஈரம் காய்கிற வரை பலகையை வெளியே எடுக்க வேண்டாம், பேரிங் துருப்பிடிக்கும். வணக்கம்.